கேள்வி கேட்காத ஊர்

பலெர்மோவை விட்டு லண்டனுக்கு வந்து கனகாலம் ஆகிவிட்டது. இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்த கையோடு, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பைச் சாட்டி மூட்டை கட்டிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இங்கே முருங்கைக்காய்க்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கும் குறைவில்லை. கோயில்களும் மலிந்து கிடக்கின்றன. இருந்தும் ஜூலை பிறந்தால் மனம் ஊருக்கு ஓடும். ஊர் என்று நான் சொல்வது யாழ்ப்பாணத்தை மட்டுமல்ல. பிறந்து வளர்ந்த ஊர் ஒன்று. உழைத்து ஆளான ஊர் இன்னொன்று. சிசிலித் தீவின் வடகரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற பலெர்மோதான் அந்த இரண்டாவது ஊர்.

அந்த ஊரை நினைத்தால் அண்ணை நினைவில் வராமல் போகமாட்டார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, போராட்ட இயக்கத்தில் வைத்த பெயர் இன்னொன்று. பலெர்மோவில் இரண்டையும் அவர் பாவித்ததில்லை. வேலை செய்த வீட்டுக்காரர் தங்கள் வாய்க்குச் சுலபமாக ஓர் இத்தாலியப் பெயரை வைத்திருந்தார்கள். எங்கள் அறையில் கிடந்த எல்லாருக்கும் அவர் வெறும் 'அண்ணை'. இங்கும் அப்படியே இருக்கட்டும்.

பல்லரோ சந்தைக்குப் பின்புறம், அல்பெர்கெரியா பகுதியின் ஒடுங்கிய சந்து ஒன்றில் எங்கள் அறை. விடியற்காலையில் மீன்காரர் கூவுகிற கூவலில் நித்திரை முறிந்துவிடும். யன்னலைத் திறந்தால் எதிரில் வீடு இருக்காது. வீட்டின் பின்சுவர் மட்டும் நிற்கும். அந்தச் சுவரில் மூன்றாம் மாடிக் குசினியின் நீல ஓடுகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே கல்லிடுக்கில் ஓர் அத்திமரம் முளைத்துத் தழைத்திருந்தது. ஏதோ நிலநடுக்கத்தில் போயிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அண்ணை யன்னலடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உது மேலயிருந்து விழுந்தது. செல் எண்டால் பக்கச்சுவர்தான் முதல் போயிருக்கும்."

அவர் சொன்னதுதான் சரி. 1943 மே 9ஆம் திகதி நூற்றுக்கணக்கான அமெரிக்க விமானங்கள் வந்து பலெர்மோவின் மேல் குண்டுகளைக் கொட்டிவிட்டுப் போயின. அந்த வருடம் ஜூலை 22இல் ஜெனரல் பற்றனின் படை ஊருக்குள் வந்தது. போர் முடிந்த பிறகு ஊர்க்காரர் இடிந்த நடுநகரைக் கட்டியெழுப்பவில்லை. எலுமிச்சைத் தோட்டங்களை அழித்து மாஃபியாவின் ஆட்கள் எழுப்பிய புது அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நின்றதில் ஒரு பங்கை 1968 ஜனவரியில் பெலிச்சே நிலநடுக்கம் ஆட்டிப்பார்த்தது. அப்படி அவர்கள் கைவிட்ட வீடுகள்தான் குறைந்த வாடகைக்கு எங்களுக்கும், ஆபிரிக்காவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்களுக்கும் கிடைத்தன. ஒரு போரை விட்டு ஓடிவந்தவர்கள் இன்னொரு போரின் இடிபாட்டுக்குள் பாய் விரித்தோம்.

அண்ணை வந்தது 1987இல். ரோமாபுரியில் இறங்கி, தெற்கே போகிற இரவு ரயிலில் ஏறினாராம். வில்லா சான் ஜோவான்னியில் ரயில் நின்றது. பிறகு பெட்டி பெட்டியாகக் கழற்றி, தண்டவாளம் பதித்த கப்பலுக்குள் ரயிலையே தள்ளினார்கள். மெசினா நீரிணையின் ஒடுங்கிய இடம் மூன்று கிலோமீட்டர் சொச்சம். ரயிலோடு கடல் தாண்டிய அந்தக் கதையை அவர் எத்தனை தரம் சொன்னாலும் நாங்கள் அலுக்காமல் கேட்போம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே 1964 புயல் வரைக்கும் ஓடிய கப்பலைப் பற்றி அவருடைய தகப்பன் சொல்லியிருந்தார். அண்ணை பாக்கு நீரிணையைக் கடந்ததோ வேறு விதம்: 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, ஓர் அமாவாசை இரவில், வடமராட்சிக் கரையிலிருந்து ஃபைபர் வள்ளத்தில், வாந்தி எடுத்தபடி, கோடியக்கரைக்கு.

அதற்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் இயக்கத்தின் பயிற்சி முகாம். துவக்கு வரும் வரும் என்று சொல்லப்பட்டதாம், வந்ததெல்லாம் பொல்லுத்தான். பொல்லை வைத்தே சென்றி பார்த்திருக்கிறார்கள். சொறி சிரங்கு, ஒரு நேரச் சாப்பாடு, அரசியல் வகுப்பு. கேள்வி கேட்டவர்கள் இரவில் கூட்டிக்கொண்டு போகப்பட்டார்கள். சிலர் திரும்பி வரவில்லை. இதெல்லாம் அண்ணை எங்களுக்கு உட்கார்ந்து சொன்ன கதை அல்ல. வெங்காயம் உரிக்கும்போது ஒரு வசனம், உடுப்புத் தோய்க்கும்போது ஒரு வசனம் என்று பல வருடங்களில் உதிர்ந்ததைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கோவிந்தன் எழுதி 1985இல் வெளிவந்த 'புதியதோர் உலகம்' நாவலின் பழைய பிரதி ஒன்று அவருடைய தலையணைக்குக் கீழே கிடந்தது. "அதில இருக்கு எல்லாம். நான் வேற ஏன் சொல்லவேணும்?" என்பார்.

நாட்டுக்குத் திரும்பிப் போனவருக்கு அங்கே காத்திருந்தது 1986. அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் ரெலோ இயக்கத்தைப் புலிகள் தெருத்தெருவாகத் தேடி அழித்தார்கள். வருடம் முடிவதற்குள் மற்ற இயக்கங்களும் யாழ்ப்பாணத்தில் இயங்க முடியாமல் போயின. ஆமியோடு சண்டை பிடிக்கப் போன பெடியள், பக்கத்து ஊர்ப் பெடியளுக்குப் பயந்து கிணற்றுக் கட்டுக்குள்ளும் வைக்கோற் பட்டறைக்குள்ளும் ஒளித்தார்கள். அண்ணையை ஒரு கிழவி தன் வீட்டு அறைக்குள் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்தாளாம். அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து ரோமாபுரி.

ஏன் கனடா இல்லை, சுவிஸ் இல்லை? இதற்கு அவர் சொன்ன பதில் எனக்குக் கனகாலம் விளங்கவில்லை. "அங்க போனால் கேஸ் எழுதவேணும் தம்பி. எந்த இயக்கம், எப்ப சேர்ந்தது, என்ன செய்தது, ஆரைச் சுட்டது எண்டு கேப்பாங்கள். இஞ்ச ஒருத்தனும் கேக்கமாட்டான்."

உண்மைதான். அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இத்தாலி கைச்சாத்திட்டிருந்தது. ஆனால் ஐரோப்பியருக்குத்தான் அகதி அந்தஸ்து என்ற நிபந்தனையை 1990 வரைக்கும் விடாமல் வைத்திருந்தது. எங்களைப் போன்றவர்கள் சட்டத்தின் கண்ணில் அகதிகளே அல்ல. 1990இல் மார்தெல்லி சட்டம் வந்து அந்த நிபந்தனையை நீக்கியது. 1989 முடிவதற்குள் நாட்டுக்குள் வந்திருந்தவர்களுக்குப் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியும் கொடுத்தது. குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் முன்னால் விடியமுன்னரே வரிசை நிற்கும். முறை வந்ததும் கேட்பார்கள்: பெயர், பிறந்த திகதி, விலாசம், தொழில். தொழில் என்ற இடத்தில் எங்கள் எல்லாருக்கும் ஒரே விடை: வீட்டு வேலை. டொக்டருக்குப் படித்து இடையில் விட்டவனுக்கும் அதுதான், ரியூட்டரி வாத்திக்கும் அதுதான், துவக்குத் தூக்கியவனுக்கும் அதுதான்.

அந்தக் காகிதம் கையில் கிடைத்த அன்று அண்ணை எங்களைப் பியாச்சா மரீனாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பனெல்லே வாங்கித் தந்தார். கடலை மாவை மெல்லிசாகப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருகிற தின்பண்டம். தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிட்டால் ஊர் ஞாபகம் வந்துவிடும். அங்கே கரிபால்டி பூங்காவில் ஆலமரம் போல விழுது விட்டுப் பரந்த பெரிய மரம் ஒன்று உண்டு. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த அத்தி இனம் என்று பிறகு அறிந்தேன். எங்களுக்கு அது ஆலமரம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் கீழ்தான் சீட்டுக் காசு சேர்ப்பதும், ஊர்க் கடிதம் வாசிப்பதும், கலியாணம் பேசுவதும். தொழில் என்ற இடத்தில் எழுதியிருந்ததை அன்று அண்ணை பலதரம் வாசித்தார். சிரித்துக்கொண்டுதான் வாசித்தார்.

1992 வந்தது. மே 23இல் கப்பாச்சியில் நெடுஞ்சாலையையே குண்டு வைத்துப் பெயர்த்து நீதிபதி ஃபல்கோனேயை மாஃபியா கொன்றது. மனைவியும் மெய்க்காவலர் மூவரும் கூடவே போனார்கள். ஜூலை 19இல், பெல்லெக்ரினோ மலையடிவாரத்துக்குக் கிட்ட இருக்கிற வியா தமேலியோவில், நீதிபதி போர்செல்லினோவும் காவலர் ஐவரும். அந்த ஞாயிறு பின்னேரம் சத்தம் கேட்டதும் அறையில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "கார்க் குண்டு," என்றார் அண்ணை. வானொலி பிறகுதான் சொன்னது.

ஊர்ச் சனம் வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் வசனம் எழுதிப் பால்கனிகளில் தொங்கவிட்டது. அந்த மாதக் கடைசியில் இத்தாலிய இராணுவம் சிசிலிக்குள் இறங்கியது. சிசிலிய வெஸ்பர் நடவடிக்கை என்று பெயர். 1998 வரைக்கும் நின்றார்கள். நீதிமன்ற வாசலிலும் நீதிபதிகளின் வீட்டு வாசலிலும் துவக்கோடு பெடியள். தலைக்கு மேலே ஹெலி. எங்களில் பாதிப்பேருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலைக்குப் போகிற வழியில் சென்றியைக் கண்டால் கால் தன்பாட்டில் மற்றத் தெருவுக்குத் திரும்பிவிடும். அண்ணைதான் எங்களுக்கு நடக்கப் பழக்கினார்: "கையை வெளியில வைச்சுக்கொண்டு நட. ஓடாத. அவனை முறைச்சுப் பாராத. பாராத மாதிரியும் போகாத."

கட்டாய இராணுவ சேவைக்கு வந்த பெடியள் அவர்கள். வடக்கேயிருந்து வந்து சிசிலி வெயிலில் வெந்துகொண்டு நின்றார்கள். "உந்தப் பெடியனைப் பார், துவக்கைத் தும்புத்தடி மாதிரிப் பிடிச்சிருக்கிறான்," என்று அண்ணை முதலில் பகிடி விட்டார். பிறகு ஒவ்வொரு நாளும் அவனுக்கு 'பொஞ்ஜோர்னோ' சொல்லிவிட்டுத்தான் போனார். ஏன் என்று கேட்டேன். "சென்றியில நிக்கிறவனுக்கு ஒருத்தரும் வணக்கம் சொல்லுறேல்லை. அதிலதான் அவனுக்கு விசர் பிடிக்கிறது. விசர் பிடிச்சால் சுடுவான். எனக்குத் தெரியும்."

அதற்கு அடுத்த வருடம் அண்ணைக்கு ஒரு கிழவரைப் பார்க்கும் வேலை கிடைத்தது. மனைவி இறந்து தனியாக இருந்தவர். நோனோ என்றுதான் அண்ணை கூப்பிடுவார். தாத்தா என்று அர்த்தம். அண்ணைக்கு லீவு வேண்டிய நாட்களில் நான் போய் நிற்பேன். காலையில் கோப்பி போட்டுக் கொடுத்து, முகம் வழித்து, மருந்து கொடுத்து, பத்திரிகையை மடியில் வைத்துவிட்டால் ஒரு மணித்தியாலம் சத்தம் வராது. அவருடைய கட்டிலுக்கு மேலே படம் ஒன்று: அரைக் கழுசான் போட்ட ஐந்து இத்தாலியச் சிப்பாய்கள், பின்னால் கம்பிவேலி, வேலிக்கு அப்பால் தென்னை.

தென்னையைப் பார்த்துத்தான் அண்ணை கேட்டிருக்கிறார். அது பெங்களூராம். 1940 டிசம்பரில் எகிப்துப் பாலைவனத்தில் சிடி பரானியை பிரிட்டிஷ் படைகள் பிடித்தன. நாலாவது இந்திய டிவிஷனும் அதில் இருந்தது. அந்தச் சில நாட்களில் பிடிபட்ட இத்தாலியர் முப்பதாயிரத்துக்கு மேல். நோனோவும் அதில் ஒருவர். அவரை மடக்கியவன் தாடி வைத்த இந்தியச் சிப்பாய். மடக்கிவிட்டு முதல் வேலையாகத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினானாம். பிறகு கப்பலில் பம்பாய், ரயிலில் பெங்களூர். போர்க் காலத்தில் இப்படி அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட இத்தாலியக் கைதிகளை பிரிட்டிஷார் இந்தியாவில் வைத்திருந்தார்கள். பெங்களூர், போபால், ராம்கர், இமயமலை அடிவாரத்து யோல் என்று முகாம்கள். 1946இல் நோனோ பலெர்மோ துறைமுகத்தில் இறங்கியபோது அவருடைய தெருவில் அவருடைய வீடு இல்லை.

இந்த இருவரும் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டது பேனால்தான். சொன்னால் சிரிப்பீர்கள். அண்ணை கிழவரின் சேட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நோனோ பாலைவனக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்: உடுப்பெல்லாம் பேன், தையல் மடிப்புகளுக்குள் ஒளித்திருக்கும், சிகரெட் நெருப்பை மடிப்பு வழியே ஓட்டிக் கொல்லுவோம். அண்ணை தலை நிமிராமலே சொன்னாராம்: "சிகரெட் சரிவராது. துணி ஓட்டையாகும். அரிக்கன் லாம்புச் சிமினியிலதான் மடிப்பைப் பிடிக்கவேணும். வெடிச்சு விழும்." கிழவர் கதையை நிறுத்திவிட்டார். வீட்டு வேலைக்கு வந்த பெடியனுக்கு இது எப்படித் தெரியும்?

"எத்தனை வருஷம்?" என்று மட்டும் கேட்டாராம். எந்தப் படை, எந்த நாடு, யாருக்கு எதிராக, ஒன்றும் இல்லை.

"மூண்டு."

"எனக்கு ஆறு," என்றாராம் கிழவர்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சின் தொனி மாறிவிட்டது. எங்களுக்குச் சொல்லாத பலதை அண்ணை அந்தக் கிழவருக்கு அரைகுறை இத்தாலியனில் சொல்லியிருக்கிறார். அண்ணைக்குத் தெரியாத சிலதைக் கிழவரும் சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்து முதல் வருடம் நித்திரை வராது, அதை வருத்தமாக எடுக்காதே. மத்தியானத்தில் படு, வெளிச்சத்தில் நித்திரை வரும். கையால் செய்கிற வேலை ஒன்றைப் பிடி. நோனோ கப்பல் கட்டும் துறையில் தச்சராகச் சேர்ந்தாராம். ஆணி அடிக்கிற சத்தம் பழக ஆறு மாதம் பிடித்ததாம். கலியாணம் கட்டு, ஆனால் மனுசியிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதே. இந்த ஆலோசனைகளை எந்த வைத்தியரும் எழுதிக் கொடுத்ததில்லை. அண்ணை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்.

ஓய்வூதிய நாளில் கிழவரைத் தபாற்கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போவதும் அண்ணையின் வேலை. ஒரு முறை நானும் கூடப் போனேன். இத்தாலியில் இராணுவத்தில் இருந்த காலம் ஓய்வூதியக் கணக்கில் சேரும். நோனோ அதைப் பெருமையாகச் சொன்னார்: "கம்பிக்குள்ளே சும்மா இருந்து சோறு தின்றதற்கும் அரசாங்கம் எனக்குக் கணக்கு எழுதியிருக்கிறது. உனக்கு?"

அண்ணை சிரித்தார். "எனக்கு ஆர் எழுதுறது? நான் அரசாங்கத்துக்கு எதிராயெல்லோ போனனான்."

பலெர்மோத் தமிழரைப் பற்றி எழுதினால் பெல்லெக்ரினோ மலையை விட்டுவிட முடியாது. 1624இல் ஊரைக் கொள்ளைநோய் தின்றபோது, அந்த மலைக் குகையில் கிடைத்த புனித ரொசாலியாவின் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் நோய் ஓய்ந்தது என்பது பலெர்மோக்காரரின் நம்பிக்கை. ஜூலை 14 இரவு தேர், வாணவேடிக்கை. செப்டெம்பர் 4 மலையேற்றம். எங்கள் சனம் அதற்காகக் காத்திருப்பதில்லை. கிறிஸ்தவரும் சைவரும் என்று ஞாயிற்றுக்கிழமை விடியவே கூட்டமாக ஏறும்; செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு. குகையின் கூரையிலிருந்து ஓயாமல் தண்ணீர் சொட்டும்; அதை வழித்து எடுக்கத் தகரப் பீலிகளை வளைத்து வளைத்துப் பொருத்தியிருப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பொன்னாடை போர்த்துச் சாய்ந்து கிடக்கிற ரொசாலியா சிலையைக் கண்டதும் எங்கள் பெண்கள் "அம்மாளாச்சி" என்றுதான் கையெடுப்பார்கள். விசா, பிள்ளை, நோய், ஊரில் காணாமற்போன தம்பி என்று எல்லா நேர்த்தியும் அவளுக்குத்தான்.

அண்ணை ஒவ்வொரு முறையும் எங்களோடு மலை ஏறுவார், குகைக்குள் மட்டும் வரமாட்டார். முகாமின் அரசியல் வகுப்புக் காலத்திலேயே கடவுளை விட்டுவிட்டாராம். சின்னப் பிள்ளைகளைத் தோளில் சுமந்து ஏற்றிக் கொடுத்துவிட்டு, வெளியே மெழுகுதிரிக் கடைக்குப் பக்கத்து மதிலில் இருந்து சிகரெட் பிடிப்பார். ஒரு முறை காசைத் தந்து, "மூண்டு திரி வாங்கிக் கொளுத்து" என்றார். ஆருக்கு என்று கேட்டேன். "ரெண்டு பேர் எங்கட ஆக்கள். மற்றவன் எங்கட ஆள் இல்லை. அவனுக்கும் கொளுத்து." அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. குகையின் குளிரில் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டு வந்தேன்.

கலியாணம் நோனோ சொன்னபடிதான் நடந்தது. குடும்ப இணைவு விசாவில் அண்ணையின் மனுசி, எங்களுக்கு அக்கா, வந்து இறங்கினா. அதற்குள் அண்ணை நல்ல சமையல்காரராகியிருந்தார். மத்தி மீனை முள் நீக்கி, காட்டுப் பெருஞ்சீரகத் தழையை அவித்த தண்ணீரிலேயே பஸ்தாவையும் அவித்து, முந்திரி வற்றலும் பைன் கொட்டையும் சேர்த்துக் கிளறுகிற சாப்பாடு சிசிலிக்காரருக்கு உயிர். மீனுக்குள் முந்திரி வற்றலைக் கண்டு அக்கா ஒரு கிழமை சாப்பிடவில்லை. பெருஞ்சீரக வாசம்தான் கடைசியில் அவவை வளைத்தது. அவர்களுக்குப் பிறந்த மகள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழும் தெருவில் பலெர்மோப் பேச்சும் பேசி வளர்ந்தாள். தகப்பன் என்னவாக இருந்தார் என்று அவள் பள்ளிக்கூடத்தில் எழுதியது ஒரே சொல்தான்: சமையல்காரர்.

சுலபமாக எல்லாம் போய்விடவில்லை. புலம்பெயர்ந்த நாட்டிலும் இயக்கம் வீடு தேடி வந்தது. காசு சேர்க்க வருகிறவர்கள், கூட்டத்துக்குக் கூப்பிடுகிறவர்கள், யார் எந்த ஆள் என்று கண்ணால் அளக்கிறவர்கள். நவம்பர் கடைசியில், புலிகளின் மாவீரர் நாளுக்கு, அண்ணை வீட்டு யன்னல் சாத்திக் கிடக்கும். அவருடைய செத்தவர்களுக்கு எந்த மண்டபத்திலும் விளக்கு இல்லை. முகாம் நினைவும் அவரை விடவில்லை. பியாச்சா மரீனாவில் எங்கள் மரத்துக்கு எதிரே இருக்கிற ஸ்தேரி மாளிகையை நூதனசாலையாக்கியபோது அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். 1782 வரைக்கும் கத்தோலிக்க மத விசாரணை மன்றமான இன்குவிசிஷன் அங்கேதான் இருந்தது. கைதிகள் செங்கல் தூளால் சிறைச் சுவரில் கீறிய புனிதர்களும் கப்பல்களும் கவிதைகளும் இன்னும் இருக்கின்றன. அவர் ஓர் அறைக்கு மேல் வரவில்லை. வெளியே வந்து, "கடவுளின்ர பேரிலயும் வதைமுகாம்தான் நடத்தியிருக்கிறாங்கள்," என்றார்.

2009 மே மாதம், ஈழப் போரின் கடைசி நாட்களில், எல்லாத் தமிழர் வீடுகளிலும் தொலைக்காட்சி விடிய விடிய ஓடியது. அவர் வீட்டிலும் ஓடியது. தன் தோழர்களைக் கொன்றவர்களுடைய பிள்ளைகள் முள்ளிவாய்க்காலில் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அந்த மனிசன் தேம்பித் தேம்பி அழுதார் என்று அக்கா சொன்னா. சரணடைந்தவர்களில் சுமார் 12,000 பேரைப் புனர்வாழ்வு முகாம்களில் வைத்திருந்து விடுவித்ததாக இலங்கை அரசாங்கம் கணக்குச் சொன்னது. தையல் மெசின் கொடுத்தார்கள், தச்சுப் பழக்கினார்கள், பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புலனாய்வுக்காரரையும் பின்னால் அனுப்பினார்கள். அந்தப் பெடியளுக்குக் கேள்விகள் ஓயவில்லை. அண்ணையை யாரும் புனர்வாழ்வுக்கு எடுக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒரு தொழில் காகிதமும் ஒரு கிழவரும்தான்.

2015இல் 'தீபன்' படம் கானில் தங்கப்பனை விருது வாங்கியது. முன்னாள் போராளி ஒருவன் பாரிஸ் புறநகரில் கட்டடக் காவலாளியாகிற கதை, ஷோபாசக்திதான் நாயகன். கடைசியில் அவன் திரும்ப ஆயுதம் தூக்குகிறான். தொலைபேசியில் அண்ணையிடம் எப்படி என்று கேட்டேன். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் முடிவுக்குச் சண்டை வேணும் எண்டு அவங்கள் நினைக்கிறாங்கள். நான் இவ்வளவு வருஷமும் ஒருத்தனுக்கும் கை ஓங்கேல்லை. அதைப் படம் எடுக்க ஆரும் வருவினமே?"

அவர் கேட்டது நியாயம். இயக்கத்தில் இருந்த மூன்று வருடங்களைப் பற்றி நாவல் இருக்கிறது, அறிக்கை இருக்கிறது, சாட்சியம் இருக்கிறது. முகம் வழித்துவிட்டு, மத்தி மீன் துப்புரவாக்கி, சென்றிக்காரனுக்கு வணக்கம் சொல்லி வாழ்ந்த முப்பத்தைந்து வருடங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. யாரும் கேள்வி கேட்காததால்தான் அவர் அந்த ஊரில் தப்பினார். அதே காரணத்தால்தான் இன்று அவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

கணக்கு என்று நான் சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. இத்தாலியில் முதுமை ஓய்வூதியம் எடுக்க 67 வயதாக வேண்டும். 20 வருடப் பங்களிப்பும் கட்டப்பட்டிருக்க வேண்டும். வீட்டு வேலை செய்த எங்கள் சனத்தில் கனபேர் ஆரம்ப வருடங்களில் 'கறுப்பில்', அதாவது முழுதாகப் பதியாமல், வேலை செய்தவர்கள். பதிவில் காட்டிய மணித்தியாலம் ஒன்று, உழைத்தது வேறு. கட்டாமல் விட்ட பங்களிப்பை ஐந்து வருடம் கடந்தால் கேட்டு வாங்கவும் முடியாது. இருபது வருடம் நிரம்பாதவர்களில் பலருக்கு மிஞ்சுவது சமூக உதவித்தொகை. அதுவும் இத்தாலியில் குடியிருந்தால்தான். கடைசிக் காலத்தில் ஊரில் போய் இருப்போம் என்று நினைத்தவர்களுக்கு அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும். 1980களில் இருபது சொச்சம் வயதில் வந்த அந்தத் தலைமுறை இப்போது ஒருவர் பின் ஒருவராக அந்த 67ஐத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

பலெர்மோவில் பிறந்து இத்தாலியன் தண்ணீர்பட்ட பாடாய்ப் பேசுகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தகப்பனை, பெரியப்பாவை, ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் தனியாக இருக்கிற அந்த மாமாவை, ஒரு நாள், ஓய்வூதிய விண்ணப்பங்களுக்கு உதவுகிற பத்ரொனாத்தோ அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஓய்வூதியப் பங்களிப்புப் பதிவை எடுத்து, எந்த வருடம் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். ஐந்து வருடத்துக்குள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். வருகிற வழியில் ஒரு பனெல்லே வாங்கிக் கொடுத்து, அவர் வாழ்ந்த கதையையும் கேட்டு எழுதிவையுங்கள். எந்த இயக்கம் என்று மட்டும் முதலில் கேட்காதீர்கள். நோனோ கேட்டதுபோல், எத்தனை வருடம் என்று கேட்டால் போதும். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.